நூறு பேர் புகழ்ந்தால் அழகாகிவிடுமா? காண்ட் சொன்னது வேறு

“அறிஞர்கள் அழகென்றால் அழகுதான், மறுப்பவருக்கு ரசனையில்லை என்றார் காண்ட்” என்று திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஜெர்மன் தத்துவஞானியான காண்ட் 1790இல் வெளிவந்த தன் நூலில் எழுதியது நேரெதிர்: ஒரு கட்டடமோ கவிதையோ ஒருவருக்கு அழகாகத் தெரியாவிட்டால், நூறு பேர் புகழ்ந்தாலும் அவர் மனம் உள்ளூர ஒப்பாது. இளங்கவிஞர் ஒருவரையும் காட்டுகிறார். ஊரும் நண்பர்களும் அழகில்லை என்று சொல்லியும் தன் கவிதை அழகென்றே நிற்பவர், பயிற்சியால் ரசனை கூர்மையான பிறகு தானாகவே கருத்தை மாற்றிக்கொள்கிறார்.

தேர்ந்த ரசிகர்களின் ஒருமித்த தீர்ப்பை அளவுகோலாக்கியவர் ஸ்காட்லாந்து தத்துவஞானி டேவிட் ஹியூம், 1757இல். இருவரையும் குழப்பிவிட்டார்கள் போலும்.

சரி, அப்படியானால் எல்லாம் அவரவர் விருப்பமா? அதுவுமில்லை. கோணேசர் கோயில் பாறையில் நின்று கடலை அழகென்னும்போது, பக்கத்தில் நிற்பவரும் ஒப்புவார் என்றே எதிர்பார்க்கிறோம். காண்ட் அதை ஏற்கிறார். ஆனால் பக்கத்தில் நிற்பவரும் தன் கண்ணால் பார்த்துத்தான் ஒப்ப வேண்டும்.