நோயில்லாத கியர் பொக்ஸுக்கு எதற்கு டொனிக்?

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் விடியவே மழை. காரை சேர்விஸுக்கு விட்டுவிட்டு பிளாஸ்டிக் கதிரையில் பிளேன்ரீயோடு இருந்தேன். என்னுடையது பழைய கொரோல்லா 121, ஒட்டோ கியர். பள்ளத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்த வவுனியாத் தம்பி மேலே ஏறி வந்து ஒரு சின்னப் போத்தலைக் காட்டினான்.

“அண்ணை, கியர் ஒயிலுக்குள்ள இதில ஒண்டு ஊத்தி விடட்டே? கியர் பட்டர் மாதிரி விழும்.”

“இப்ப எப்பிடி விழுது?”

“இப்பவும் நல்லாத்தான் விழுது. ஓடிப் பாத்தனான்.”

“பிறகென்னத்துக்கு?”

சிரித்துவிட்டான். “எல்லாரும் போடினம் அண்ணை.”

எல்லாரும் போடுகிறார்கள்தான். எங்கள் ஃபிளாட்டின் கார் பார்க்கிலேயே மூன்று பேர் போடுகிறார்கள், எனக்குத் தெரியும். தம்பியில் பிழை சொல்ல மாட்டேன். விற்கச் சொல்லிக் கொடுத்ததை விற்கிறான். எங்கள் பக்கத்துப் பயமும் விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்ப அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசத்தில் கொழும்பில் கார் என்பது வாகனமாக இல்லாமல் அடகு வைக்கக்கூடிய நகை மாதிரி ஆகிவிட்டது. கியர் பொக்ஸ் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், நன்றாக இருக்கும்போதே ஏதாவது செய்து வைப்போம் என்று கை துடிக்கும். அந்தத் துடிப்புக்குத்தான் 250 மில்லிப் போத்தலில் மருந்து வருகிறது.

என் கட்சி இதுதான்: நன்றாக ஓடுகிற ஒட்டோ கியர் பொக்ஸுக்குள் எந்தப் போத்தலையும் ஊற்றாதீர்கள். அந்தக் காசை ஒயில் மாற்றுவதில் போடுங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு அந்தச் சிவப்பு ஒயில் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயிலுக்கு முக்கால்வாசி வேலை வழுக்க வைப்பது. கியர் பொக்ஸ் ஒயில் அப்படியில்லை. பம்ப் அதை அமுக்கி அனுப்பும்போது அதுதான் கை, அதுதான் கால். கியரை மாற்றுவதே அந்த அழுத்தம். சூட்டை அள்ளிக்கொண்டு கூலருக்குப் போவதும் அதுதான். எல்லாவற்றிலும் வில்லங்கமான வேலை கிளட்ச் தட்டுகளுக்கு நடுவில். இரும்புத் தட்டும் கடதாசி மாதிரி ஒரு உறை ஒட்டிய தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், அத்தனையும் ஒயிலில் ஊறியபடி. கியர் விழும் கணத்தில் அவை கொஞ்சம் வழுக்கி, உடனே இறுகப் பிடிக்க வேண்டும். கூட வழுக்கினால் தட்டு சூடாகிப் பளபளவென்று மினுங்கிப் போகும், பிறகு பிடிக்காது. வழுக்காமலே பிடித்தால் கார் குலுங்கும். இரண்டுக்கும் நடுவிலே ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்துக்குத்தான் கொம்பனி ஒயிலைக் கலக்கிறது. உராய்வைப் பதப்படுத்துவது, சீல் காயாமல் பார்ப்பது, நுரை வராமல் தடுப்பது, கருகாமல் காப்பது என்று போத்தல்காரர் லேபலில் எழுதுகிற எல்லாமே அந்த ஒயிலுக்குள் ஏற்கெனவே அளவோடு இருக்கிறது. உப்பு அளவாயிருக்கிற சொதிக்குள் இன்னொரு கரண்டி உப்பைப் போட்டுவிட்டு, இனி இது விசேஷச் சொதி என்று சொல்வது மாதிரித்தான் இது.

பழைய கதை ஒன்று. 1970களின் தொடக்கம் வரைக்கும் அமெரிக்காவில் இந்த ஒயிலுக்குள் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். பகிடியில்லை. ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் தட்டுகளின் உராய்வை அருமையாகப் பதத்தில் வைத்திருக்கும். அழிந்துகொண்டு போகிற இனம் என்று அதற்குத் தடை வந்ததும், ஜெனரல் மோட்டோர்ஸ் தன் டெக்ஸ்ரொன் ஒயிலின் கலவையை மாற்றி டெக்ஸ்ரொன் 2 என்று கொண்டுவந்தது. புதுக் கலவையோ ஒயில் கூலரின் பற்றவைப்பை அரிக்கத் தொடங்கியது. திரும்பவும் கலவையை மாற்ற வேண்டி வந்தது. கியர் பொக்ஸையும் தானே செய்து, ஒயிலின் தரத்தையும் தானே வகுத்து, பரிசோதனைக் கூடமும் வைத்திருந்த கொம்பனிக்கே ஒரு பொருளை எடுத்து இன்னொன்றைப் போட்டதில் இவ்வளவு பாடு. காலி வீதி ஓரத்தில் நின்று புனலால் ஊற்றுகிற எங்களுக்கு என்ன தெரியும்?

“நான் போட்டனான், சொல்லி வேலையில்லை, வித்தியாசம் தெரியுது” என்பவர்கள் வருவார்கள். வரட்டும். நான் ஒன்று கேட்பேன்: போத்தலை ஊற்றிய அன்றைக்கே பழைய ஒயிலையும் மாற்றினீர்களா? பத்தில் எட்டுப் பேர் ஓம் என்பார்கள். அப்படியென்றால் வித்தியாசம் புது ஒயிலால் வந்தது, பெயரைப் போத்தல் எடுத்துக்கொண்டது. சந்தேகமிருந்தால் அடுத்த முறை ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள்.

நானும் ஊற்றியவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருசத்துக்கு முதல், வேறொரு கார். ஒயில் மட்டம் சரியாக இருக்கும்போதே மேலே ஒரு முழுப் போத்தலைக் கவிழ்த்தேன். கண்டி போகிற வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், எஞ்சின் கத்துகிறது, கியர் விழ யோசிக்கிறது. ஓரமாக நிறுத்தி டிப் ஸ்டிக்கை இழுத்தால் அதில் ஒயில் இல்லை, ஆற்றிய தேத்தண்ணி மாதிரி நுரை. மட்டம் ஏறினால் சுழல்கிற பாகங்கள் ஒயிலைக் கடையும், காற்று கலக்கும், காற்றை அமுக்கி கியர் மாற்ற முடியாது. ஒரு மெக்கானிக் பாஸ் வந்து பெரிய ஊசியும் ரியூப்பும் வைத்து மேலதிகத்தை உறிஞ்சி எடுத்தார். எடுக்கும்போது என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, அதுதான் கூட வலித்தது. குற்றம் போத்தலில் இல்லை, என் கையில். ஆனால் ஊற்றியே இருக்காவிட்டால் அந்த மத்தியானம் பேராதனையில் சோறு சாப்பிட்டிருப்பேன்.

சி.வி.ரி., அதாவது படிப்படியான கியர் இல்லாத ஒட்டோ, கார்க்காரர்களுக்கு, உதாரணமாக வெகன் ஆர், அக்சியோ 161, புது விட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். உங்கள் பெட்டிக்குள் இரும்புப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே இறுகிக்கொண்டு ஓடுகிறது. இரும்பும் இரும்பும் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே கலந்த ஒயில் அது. அதற்குள் வழுக்குகிற எதையும் ஊற்றக்கூடாது. அக்வா, பிரியஸ்காரர்களுக்கு அந்தப் பட்டியும் இல்லை, மாறுவதற்குக் கியரும் இல்லை. பற்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மோட்டாரும்தான். கடையில் அதையும் சி.வி.ரி. என்றுதான் சொல்வார்கள்.

ஊற்றவே கூடாதா? சாகக் கிடக்கிற கியர் பொக்ஸுக்கு ஊற்றலாம். சீல் காய்ந்து சொட்டுகிறது, கழற்றக் காசில்லை, இன்னும் ஆறு மாசம் ஓட வேண்டும் என்றால் ஊற்றுங்கள், நானும் ஊற்றுவேன். லொக்-அப், அதாவது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் நேரே பூட்டுகிற கிளட்ச், பிடிக்கும்போது, அறுபது எழுபதில் ஓடுகையில், கல்லு ரோட்டில் போவது மாதிரி ஒரு நடுக்கம் வரும். அதற்கென்று செய்த மருந்து சில கார்களில் கேட்கும். அதற்கும் முதலில் ஒயிலை மாற்றிப் பார்த்த பிறகுதான். இன்னொரு கூட்டமும் ஊற்றும்: கார் விற்கப் போகிறவர்கள். தடித்த மருந்து வழுக்கலைக் கொஞ்ச நாளைக்கு மூடி மறைக்கும். வாங்கப் போகிறவர் அரை மணித்தியாலமாவது ஓடி, நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு ஏற்றத்தில் பார்க்க வேண்டும்.

என் கணக்கு லேசானது. 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கீழ் போல்ட்டைக் கழற்றி வடிய விடுவேன். சுமார் 3 லீற்றர் வரும், மிச்சம் உள்ளேயே நிற்கும். வந்த அளவை அளந்து அதே அளவு புது ஒயில். கொழும்புச் சூட்டிலும் பம்பலப்பிட்டிச் சந்தியில் டி-யில் போட்டு பிரேக்கை மிதித்தபடி நிற்கிற நிற்பிலும் இந்த இடைவெளி சரி என்பது என் எண்ணம். எந்த ஒயில்? எங்கள் ரீகண்டிஷன் கார்களில் கைநூல் இருந்தால் ஜப்பான் மொழியில் இருக்கும். என்னுடைய காரில் டிப் ஸ்டிக்கிலேயே அடித்திருக்கிறது: ரைப் ரி-ஃபோர். கார்ச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கினால் சீல் உடையாத கானாகப் பார்த்து வாங்கி, கண்ணுக்கு முன்னால் உடைக்கச் சொல்வேன். மட்டம் பார்ப்பதும் எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஐட்லிங்கில், பி-யிலிருந்து எல் வரைக்கும் ஒருமுறை போட்டுத் திரும்ப பி-க்கு வந்த பிறகு.

சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. வடித்த ஒயிலை ஒரு சொட்டு வெள்ளை ரிசுவில் விட்டுப் பார்த்தோம். சிவப்பு மங்கி மண்ணிறம் தட்டியிருந்தது. கருகல் மணம் இல்லை, துகள் இல்லை. தம்பியே, “குறை சொல்லேலாது அண்ணை” என்றான். போத்தலைத் துடைத்து ராக்கையில் வைத்தான்.

காசு கட்டிவிட்டுக் காரை எடுக்கும்போது பின்னால் ஒரு வெள்ளை அக்வா வந்து நின்றது. கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். மழைச் சத்தத்துக்குள்ளும் கேட்டது.

“சேர், இதில ஒண்டு ஊத்தி விடட்டே? கியர் பட்டர் மாதிரி விழும்.”