தாய்ப்பன்றிக்குத் தாது உப்பு போட்டால் குட்டிக்கு இரும்பு ஊசி வேண்டாமா?

சேலம் பக்கம் பன்றி வளர்க்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: பால் கொடுக்கும் தாய்க்குத் தாது உப்புக் கலவை போட்டாலே போதும், இரும்புச்சத்து பால் வழியாகக் குட்டிக்குப் போய்விடும், ஊசி வீண்செலவு என்று. தவறு.

தாய்க்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் பாலில் பெரிதாக ஏறாது. குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் வேண்டும், பாலில் கிடைப்பதோ சுமார் 1 மில்லிகிராம்தான். மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்குக் கொஞ்சம் அதிலிருந்தே கிடைக்கும், சிமெண்ட் தரையில் அதுவும் இல்லை, அதனால்தான் பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் ஊசி. ஊசி போடாமல் விட்டால் காது வெளுத்து, மூச்சு வாங்கி, நன்றாக வளர்ந்த குட்டிதான் முதலில் சாயும்.

தாது உப்பை நிறுத்திவிடாதீர்கள், கால்சியமும் பாஸ்பரசும் தாயின் எலும்புக்கு வேண்டும். அது வேறு கணக்கு.

சந்தேகமா? தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள், அளவையும் அவரே சொல்லட்டும். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.