மேக் லாக்கில் வார்னிங் வரவில்லை என்றால் கோடில் வார்னிங் இல்லை என்று ஆகாது

சிலர் சொல்வது: மேக் (make, சோர்ஸ் ஃபைல்களைக் கம்பைல் செய்து புரோகிராமை உருவாக்க உதவும் கருவி) ஓட்டி, அதன் லாக்கில், அதாவது அப்போது வரும் செய்திகளின் பதிவில், ‘வார்னிங்’ என்று கிரெப் (grep, சொல்லைத் தேடும் கருவி) செய்தால் போதும், ஒன்றும் அகப்படவில்லை என்றால் புராஜெக்ட் முழுக்கச் சுத்தம்.

தேடும் முறை சரிதான். ஆனால் அந்த லாக் முழுமையானது அல்ல. ஒரு ஃபைலைக் கம்பைல் செய்யும்போது மட்டுமே கம்பைலர் அதன் வார்னிங்கை, அதாவது கோடில் பிழை இருக்கலாம் என்ற எச்சரிக்கையை, சொல்லும். மேக்கோ, ஃபைல்களின் நேரத்தை ஒப்பிட்டு, மாறாத சோர்ஸைத் தொடாமல் விட்டுவிடும். போன வாரம் கம்பைல் ஆன ஃபைலில் இருக்கும் வார்னிங் இன்றைய லாக்கில் வரவே வராது.

நீங்களே பார்த்துவிடலாம். ஒரு சி ஃபைலில், ஏதாவது ஃபங்ஷனுக்குள் பயன்படுத்தாத ஒரு இன்ட் வேரியபிளை எழுதுங்கள். கம்பைலருக்கு டபிள்யூ-ஆல் (-Wall, பல வார்னிங்குகளை ஒன்றாக இயக்குவது) ஆப்ஷன் கொடுத்து மேக் ஓட்டினால் ‘அன்யூஸ்டு வேரியபிள்’ என்று வரும். எதையும் மாற்றாமல் உடனே இன்னொரு முறை ஓட்டுங்கள். லாக்கில் அந்த வார்னிங் இருக்காது. வேரியபிள் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் மேக் கிளீன் (பழைய கம்பைல் ஃபைல்களை அழிப்பது), பிறகு முழு பில்டு, அதன் லாக்கில் தேடல். வார்னிங்குகள் ஸ்டாண்டர்டு எரர் (வழக்கமான அவுட்புட்டிலிருந்து தனியான, பிழைச் செய்திகளுக்கான வழி) வழியாக வருவதால் அதையும் சேர்த்துச் சேமியுங்கள். வெறும் பைப் (ஒரு கட்டளையின் வழக்கமான அவுட்புட்டை அடுத்ததற்கு அனுப்பும் ‘|’ குறி) போட்டால் கிரெப்பின் கைக்கு அவை போகாது. முழு பில்டுக்கு நேரம் பிடிக்கும் என்று தயங்குபவர்கள் சி-கேஷ் (ccache, முன்பு கம்பைல் செய்த முடிவைச் சேமித்து மீண்டும் தரும் கருவி) வைத்துக்கொள்ளலாம், சேமித்த வார்னிங்கையும் அது திரும்பக் காட்டும்.