அது கலப்படம் இல்லை

சனிக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் நடந்தது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. ஷேடோரன் ஆடிக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டி, சேர்ந்து கதை நடத்தும் மேசை ஆட்டம். பாதி ஆட்டத்தில் ஒருவர் பகடையை வைத்துவிட்டு, "சைபர்பங்க்னா சைபர்பங்க்கா இருக்கணும். அதுல மந்திரம், எல்ஃப் எல்லாம் சேர்த்தா கலப்படம். சின்னப் பசங்க விளையாட்டு" என்று சொல்லி எழுந்து போனார். சைபர்பங்க் என்றால் உடம்பிலேயே இயந்திரம் பொருத்திக்கொள்ளும் எதிர்கால நகரக் கதைகள்; எல்ஃப் என்பது மாயக்கதைகளில் வரும் கூர்க்காது இனம். பிடிக்காவிட்டால் போகலாம், அது அவர் உரிமை. ஆனால் அன்றுதான் முதல்முறையாக வந்து உட்கார்ந்திருந்த பெண் முன்னால் அதைச் சொன்னார். மூன்று நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

ஷேடோரன் கலப்படம் இல்லை. 1989இல் சிகாகோவின் ஃபாசா நிறுவனம் வெளியிட்டதிலிருந்தே இயந்திரமும் மந்திரமும் முட்டிக்கொள்வதுதான் அந்த ஆட்டம். ஒவ்வொரு கேரக்டருக்கும் எசென்ஸ் என்று 6 புள்ளி உண்டு, உயிர்ச்சத்து மாதிரி. உடம்புக்குள் இயந்திரம் வைத்தால் அது கழியும். நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில் சாதாரணத் தரத்தில் ஒரு முழு இயந்திரக் கைக்கு 1 போய்விடும். நரம்பை வேகமாக்கும் வயர்டு ரிஃப்ளெக்ஸஸ் என்றால் முதல் நிலைக்கே 2. எசென்ஸ் இறங்கினால் மந்திர சக்தியும் இறங்கும். என் மந்திரவாதிக் கேரக்டரான ஷாமனுக்கு ஒரு தடவை தப்பி ஓட வேகம் தேவைப்பட்டது. நரம்பை மாற்றிக்கொள்வதா, ஆவிகளை அழைக்கும் சக்தியைக் காப்பாற்றுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். மந்திரத்தை எடுத்துவிட்டால் அந்த ஒரு வாரமே எனக்கு இல்லை. இதில் எது கலப்படம்?

சரி, எல்ஃபும் ஆர்க்கும் எதற்கு என்பீர்கள். கதைப்படி 2021 ஏப்ரல் 30 அன்று, அதுவரை நம்மைப் போல இருந்தவர்கள் திடீரென்று கோரைப்பல் முளைத்த ஆர்க்காகவும் பூதம் போன்ற ட்ரோலாகவும் மாறுகிறார்கள். நேற்றுவரை சிரித்துப் பேசிய அக்கம்பக்கத்தார் அவர்களைக் கண்டு கதவைச் சாத்துகிறார்கள். சியாட்டிலில் பல ஆர்க்குகள் நகரத்துக்கு அடியில் போய் வாழ்கிறார்கள். நிஜ சியாட்டிலில் 1889 தீ விபத்துக்குப் பிறகு தெருக்களை உயர்த்தியபோது மண்ணுக்கடியில் போன பழைய நடைபாதைகள் இன்றும் இருக்கின்றன, நான் இறங்கிப் பார்த்திருக்கிறேன். சியாட்டிலுக்குப் பக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் ரெட்மண்ட், கதையில் போலீஸ்கூட எட்டிப் பார்க்காத பாழ்நிலம். இதையெல்லாம் யோசித்துக் கட்டியவர்களைப் பார்த்துச் சின்னப் பசங்க என்பதா?

விதிகள் கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கை நிறையப் பகடையை உருட்டி, 5 எத்தனை, 6 எத்தனை என்று எண்ண வேண்டும். அமெரிக்கப் பூர்வகுடிகளை அதன் பழைய புத்தகங்கள் காட்டும் விதத்திலும் குறை உண்டு. 'வெறும் ஆட்டம்தானே, ஏன் இவ்வளவு கோபம்' என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் என்னை நிஜமாகவே தைத்தது. செயற்கை உறுப்பு வைத்தால் உயிர்ச்சத்து குறையுமா? என் அப்பா சர்க்கரை நோயில் வலது காலை இழந்தவர். செயற்கைக் கால் பொருத்திய மூன்றாவது மாதம் கோயில் பிரகாரத்தைத் தனியாகச் சுற்றி வந்தார். அவருக்குள் என்ன குறைந்துவிட்டது? இதை எங்கள் மேசையில் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எங்கள் மேசைக்கென்று ஒரு விதி போட்டோம்: இழந்ததை ஈடுகட்ட வைத்தால் கழிக்கக் கூடாது, ஆயுதமாக்கினால் மட்டும் கழிக்கலாம். அன்று இரவு பகடையே உருளவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். எழுந்து போனவர் அந்த இரவில் அங்கே இல்லை. இருந்திருந்தால் அப்படிச் சொல்ல அவருக்கு மனசு வந்திருக்குமா?

அந்தப் பெண் ஆர்க்கைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "புது ஊர்ல எல்லாரும் நம்மள ஒரு மாதிரி பாப்பாங்கல்ல அக்கா, அது இவளுக்குப் புரியும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் அனுப்பினாள், இனி வரவில்லையாம், இதெல்லாம் தனக்குச் சரிப்படாதாம். முதல் நாளே அந்த ஆர்க்குக்கு அவ்வளவு ஆசையாகப் பெயர் வைத்தவள் அவள்.

தங்கச்சி, இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் கேரக்டர் ஷீட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எசென்ஸ் 6, இன்னும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம்.