கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு பட்டம்

வெளிநாட்டு முதலீடு பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காணொளியும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வந்த பணம் எவ்வளவு என்று சொல்லிவிட்டீர்கள். அதில் இங்கே தங்கியது எவ்வளவு?" மேடையில் இருந்தவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். பிறகு, "சிலருக்கு வளர்ச்சி என்றாலே ஒவ்வாமை" என்றார். அரங்கம் கைதட்டியது. அசடு வழிய நானும் சிரித்துவைத்தேன். அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

வெளிநாட்டு முதலீடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பணம் வருவது வேறு, தொழில் வேரூன்றுவது வேறு என்றுதான் சொல்கிறேன். பத்து வருடமாக இதையேதான் சொல்கிறேன்.

வங்கதேசத்தைப் பாருங்கள். இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு. 1970களின் கடைசியில் தேஷ் என்ற உள்ளூர் நிறுவனம் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கொரியர்கள் பாசத்தால் வரவில்லை. பணக்கார நாடுகள் கொரிய ஆடைகளுக்கு இறக்குமதி வரம்பு விதித்திருந்தன. வரம்பு இல்லாத இடம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. தேஷ் ஆட்கள் 130 பேர் கொரியாவின் பூசான் நகரில் இருந்த தேவூ ஆலைக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே? சிலர் சொந்தமாக ஆலை போட்டார்கள், மற்றவர்கள் புதிதாகப் போட்டவர்களிடம் சேர்ந்தார்கள். தொழில் பரவியது அப்படித்தான். தேவூ போட்ட பங்கு மூலதனம் எவ்வளவு தெரியுமா? ஒன்றுமில்லை. தொழில்நுட்பத்தையும் சந்தையையும் கொடுத்து, விற்பனையில் ஒரு விகிதம் வாங்கிக்கொண்டது. முதலீட்டு ஒப்பந்தக் கையெழுத்து விழாக்களில் வாசிக்கிறார்களே, அந்தக் கோடிகளின் பட்டியலில் இதற்கு இடமே கிடைத்திருக்காது. (ராணா பிளாசாவை மறந்துவிட்டாயா என்று கேட்க வேண்டாம். மறக்கவில்லை. 2013இல் இடிந்த அந்த ஆடை ஆலைக் கட்டடத்தில் செத்தவர்கள் ஆயிரத்து நூறுக்கும் மேல். அது தனிப் பதிவு.)

எண்களை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து போதும். 2015இல் ஒரே ஆண்டில் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். இரவோடிரவாக அங்கே ஆலைகள் முளைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்கேட்டில் அந்த நாட்டுக்கு மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். கடைசியில் புள்ளிவிவர அலுவலகமே இந்த வீக்கத்தைக் கழித்துவிட்டுத் தேசிய வருமானத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டியதாயிற்று. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஏற்றுமதி ஆலையில், கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். திருகு, சுருள்வில், பசை, பாலிதீன் உறை என்று எல்லாம் கப்பலில் வரும். உள்நாட்டில் நாங்கள் வாங்கியது அட்டைப்பெட்டி மட்டும். ஒருநாள் பட்டறைக்காரர் ஒருவர் சுருள்வில் மாதிரிகளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். தர ஆய்வாளர் ஒவ்வொன்றாக வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தார். பன்னிரண்டில் ஏழு தேறியது. மீதி ஐந்தில் எங்கே பிசகு என்று ஒரு தாளில் வரைந்தும் காட்டினார். இரண்டு வாரம் கழித்துப் பட்டறைக்காரர் மறுபடி வந்தார். பன்னிரண்டும் தேறின. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: அங்கீகரித்த பட்டியலில் இல்லாதவரிடம் வாங்குவதற்கில்லை. அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "அடுத்த முறை பார்க்கலாம் ஐயா" என்றேன். அவர் மாதிரிகளைத் திரும்பக் கேட்டார். பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்து, அதே செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வருவார்கள். "வேலை கிடைக்கிறதே?" கிடைக்கிறது. எனக்கே கிடைத்தது. "வியட்நாமைப் பார்!" பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நாட்டு ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. உதிரிபாகம் செய்யும் உள்ளூர் நிறுவனங்கள் போதவில்லை என்று அந்த அரசே கவலைப்படுகிறது. அவர்களையும் ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். "கதவைச் சாத்தச் சொல்கிறாயா?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 1980இல் ஷென்சென் நகரை வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிட்ட அதே சீனா, கார் நிறுவனங்களிடம் உள்ளூர்க் கூட்டாளியோடு வா என்றது. பாதிக்கு மேல் பங்கு கிடையாது என்றும் பல ஆண்டுகள் சொன்னது. யாரும் வராமல் இருந்தார்களா?

"நிபந்தனை போட்டால் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவார்கள்." இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். சீனாவைப் போலப் பெரிய சந்தை எல்லா நாட்டுக்கும் கிடையாது. இவ்வளவு உள்ளூரில் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 1995 முதல் உலக வணிக அமைப்பின் விதிகளே தடுக்கின்றன. ஆனால் சிங்கப்பூர் செய்ததை எந்த விதி தடுக்கிறது? 1986இல் அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பன்னாட்டு நிறுவனம் தன் பொறியாளர் ஒருவரை உள்ளூர் உதிரிபாகக்காரர்களுக்கு வழிகாட்ட அனுப்பும். அவருடைய சம்பளத்தை அரசு ஏற்கும். ஒரே ஒரு பொறியாளரின் சம்பளம்! கையெழுத்து விழாவின் பூமாலைச் செலவுகூட அதைவிட அதிகமாக இருக்கும்.

இதைத்தான் அன்று மேடையில் இருந்தவரிடம் கேட்க நினைத்தேன். முதல் வாக்கியத்தோடு மைக்கை வாங்கிவிட்டார்கள்.

கைதட்டியவர்களில் என் பழைய நண்பர் ஒருவரும் இருந்தார். மூன்றாவது வரிசை, காணொளியில் தெளிவாகவே தெரிகிறார். அன்று இரவு, "மனதில் வைத்துக்கொள்ளாதே, சும்மா கூட்டத்தோடு தட்டினேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். வெர்னியரில் அளந்து, தாளில் வரைந்து காட்டிய தர ஆய்வாளர் அவர்தான். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.