கின்ஷாசாவின் மூன்று இரவுகள்: பாதிதான் பார்த்திருக்கிறோம்

'சோல் பவர்' ஆவணப்படத்தை இதுவரை பார்க்காதவர்கள் இந்த வார இறுதியிலாவது பார்த்துவிடுங்கள். 1974 செப்டம்பர் 22 முதல் 24 வரை, அன்று சயீர் என்று அழைக்கப்பட்ட காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் நடந்த 'சயீர் 74' இசைவிழாதான் படம். ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங், பில் விதர்ஸ், மிரியம் மகேபா, சீலியா குரூஸ் எல்லோரும் ஒரே மேடையில். எனக்கு மிகவும் பிடித்த இசைப்படம் இது. அதனாலேயே அதன்மேல் ஒரு கோபமும் உண்டு.

முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டைக்கு முன்னோட்டமாகத்தான் இந்த விழா திட்டமிடப்பட்டது. தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவும் அவருடைய நண்பர் ஸ்டூவர்ட் லெவினும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். சண்டை செப்டம்பர் 25-ல் நடக்க வேண்டியது. பயிற்சியில் ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேல் வெட்டுக்காயம் பட்டு, அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. விழாவைத் தள்ளிவைக்க வழியில்லை. எதிர்பார்த்த வெளிநாட்டுக் கூட்டம் வரவில்லை, மைதானம் கின்ஷாசாக்காரர்களுடையதாகிவிட்டது. என்னைக் கேட்டால் அதுவும் நல்லதுக்குத்தான்.

எடுத்த படச்சுருள் வழக்குகளில் சிக்கி இருபது வருடத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. 1996-ல் அதிலிருந்து சண்டையைப் பற்றிய 'வென் வி வேர் கிங்ஸ்' வந்து ஆஸ்கர் வாங்கியது. அதன் படத்தொகுப்பில் வேலை செய்த ஜெஃப்ரி லெவி-ஹின்டே, மிச்சமிருந்த இசைக்காட்சிகளை விட மனமில்லாமல் 2008-ல் 'சோல் பவர்' எடுத்தார். பின்னணிக் குரல் இல்லை, பழைய நினைவுகளைச் சொல்லும் பேட்டிகள் இல்லை. அந்தக் காலத்தில் எடுத்த காட்சிகள் மட்டுமே. இந்த முடிவுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

பில் விதர்ஸ் பாடும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் பித்தளை வாத்தியங்களும் பளபளக்கும் உடைகளும் அதிரும் விழாவில், மனிதர் ஒரு கிடாரோடு உட்கார்ந்து, விட்டுப்போனவளை நினைத்து ஒரு பாட்டைப் பாடுகிறார். கேமரா முகத்தை விட்டு நகர்வதில்லை. ஒரு சுரத்தை அவர் இழுத்துப் பிடிக்கும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். முந்நூறு பேர் முன்னால் பாடுவதுபோல அவ்வளவு பெரிய மைதானத்தில் பாடுகிறார்.

கியூபாவில் பிறந்த பாடகி சீலியா குரூஸும் சல்சா இசைக்குழுவான ஃபானியா ஆல்-ஸ்டார்ஸும் வருவது இன்னொரு பெரிய தருணம். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு மத்திய ஆப்பிரிக்கத் தாளங்கள் கியூபாவுக்குப் போயின. 1930கள் தொடங்கி அவை இசைத்தட்டுகளாகக் காங்கோவுக்குத் திரும்பி வந்தன. கின்ஷாசா இளைஞர்கள் அவற்றைக் கேட்டு, கிடாரில் ஏற்றி, லிங்காலா மொழியில் பாடித் தங்களுக்கென்று ஒரு ரும்பா இசையை உருவாக்கினார்கள். அதனால் சீலியா 'கிம்பாரா' பாடும்போது அந்தக் கூட்டத்துக்கு அது அந்நியமான இசையே இல்லை.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். அந்த ரும்பாவை வளர்த்தவர்கள் அதே மேடையில் பாடினார்கள். ஓகே ஜாஸ் குழுவின் ஃபிராங்கோ, தபு லே, அபெத்தி மசிகினி. கின்ஷாசா மக்களுக்கு ஜேம்ஸ் பிரவுனுக்குச் சற்றும் குறையாதவர்கள் இவர்கள். அதிலும் ஃபிராங்கோவின் கிடார்! ஒரே பாட்டை நிதானமாகத் தொடங்கி, பாதியில் வேகத்தைத் தூக்கி, அடுக்கடுக்காகக் கிடார்கள் பின்னிக்கொண்டு ஓடும்போது கேட்பவரால் உட்கார்ந்திருக்க முடியாது. படத்திலோ இவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சநேரம்தான். மேடை கட்டுவது, பணப்பிரச்சினை, குத்துச்சண்டையை ஏற்பாடு செய்த டான் கிங்கின் பேச்சு என்று தொடக்கப் பகுதி நீள்கிறது. விருந்து கொடுத்த வீட்டுக்காரரைப் புகைப்படத்தின் ஓரத்தில் நிறுத்தியதுபோல இருக்கிறது.

அமெரிக்கக் கலைஞர்கள் தாய்மண்ணுக்குத் திரும்பிய நெகிழ்ச்சியைத்தான் படம் பிடித்துக்கொண்டது. அந்த நெகிழ்ச்சி உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. நாடு திரும்ப முடியாமல் அலைந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்கப் பாடகி மகேபா அந்த மேடையில் நின்றதற்கு ஒரு தனிப் பொருளே உண்டு. அந்நாட்டு அரசு 1960-லேயே அவருடைய கடவுச்சீட்டை ரத்து செய்திருந்தது. 1990-ல்தான் அவரால் திரும்பிப் போக முடிந்தது. ஆனால் அந்த மண்ணிலேயே இருந்தவர்களின் கதை?

அவர்கள் சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சியில் வாழ்ந்தார்கள். 1966-ல் நான்கு அரசியல்வாதிகளைக் கின்ஷாசாவில் மக்கள் முன்னிலையில் தூக்கிலிட்ட ஆட்சி அது. குத்துச்சண்டை வீரர்களுக்கு ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து, உலகத்தின் கண்ணுக்கு நாட்டை அலங்கரித்துக் காட்டியது. கிறித்தவப் பெயர்களைக்கூட விடச் சொன்னதில் ஃபிராங்கோ, லுவாம்போ மகியாடி ஆனார். மொபுட்டுவைப் புகழ்ந்தும் பாடிய அதே ஃபிராங்கோ, 1978-ல் ஆபாசப் பாடல்கள் என்ற குற்றச்சாட்டில் சிறைக்கும் போனார். இந்தச் சிக்கலெல்லாம் தெரிந்து அந்த மேடையைப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டுக்கும் வேறொரு கனம் வந்துவிடும்.

மசகேலாவும் லெவினும் 2017-ல் இந்தக் குறையில் கொஞ்சத்தைத் தீர்த்தார்கள். ஆப்பிரிக்கக் கலைஞர்களின் பகுதியை மட்டும் தனி இசைத்தொகுப்பாக, 'சயீர் 74' என்ற பெயரிலேயே வெளியிட்டார்கள். படம் பார்த்த கையோடு அதைக் கேளுங்கள், ஃபிராங்கோவின் பகுதியில் தொடங்குங்கள். 2021-ல் யுனெஸ்கோ காங்கோ ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனியாவது யாராவது அந்தப் படச்சுருளை மறுபடி திறந்து, காங்கோ கலைஞர்களை நடுவில் வைத்து இரண்டாவது படம் ஒன்றை எடுக்க வேண்டும். அதையும் காங்கோவைச் சேர்ந்த ஒருவரே எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.