பிழைக்கத் தெரியாதவரா எலியட்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் எலியட்டை, சிறையிலேயே செத்தவரை, ‘பிழைக்கத் தெரியாத மனிதர்’ என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாமாம். எதற்கு மன்னிப்பு? 1629 மார்ச் 2 அன்று நாடாளுமன்ற அவையை ஒத்திவைக்கச் சொன்னார் மன்னர் முதலாம் சார்லஸ். எழுந்து போகப் பார்த்த சபாநாயகர் ஃபின்ச்சை, எலியட்டின் சக உறுப்பினர்கள் ஹோலிஸும் வாலன்டைனும் நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கதவு பூட்டப்பட்டது. எலியட் தன் தீர்மானத் தாளைத் தீயில் போட்டுவிட, ஹோலிஸ் அதை நினைவிலிருந்து சொன்னார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாத சுங்க வரியை வாங்கச் சொல்கிறவன் நாட்டுக்கு எதிரி, மனமுவந்து கொடுக்கிறவனும் எதிரி என்றது அது.

அவையில் பேசியதற்கு அவையில்தான் பதில் சொல்வேன், மன்னரின் நீதிமன்றத்தில் அல்ல என்றார் எலியட். 2,000 பவுண்டு அபராதம். தவறை ஒப்புக்கொள்ளும்வரை சிறை. ஒப்புக்கொண்டால் அவரோடு முடிகிற விஷயமா அது? அடுத்து அவையில் வாய் திறக்கும் ஒவ்வொருவரின் கழுத்திலும் அல்லவா விழும்?

என் அப்பாவிடம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினார்கள். ‘தவறுக்கு வருந்துகிறேன்’ என்று கடைசி வரி, அதன் கீழே கையெழுத்துக்கு இடம். அவர் போடவில்லை. பதவி உயர்வு போயிற்று. சொந்தக்காரர்கள் சொன்னதும் இதே வார்த்தைதான்: பிழைக்கத் தெரியாதவர்.

எலியட் நன்றி கெட்டவர் என்பார்கள். மன்னருக்கு மிக நெருக்கமான அமைச்சர் பக்கிங்ஹாம் கோமகனின் தயவில் பதவிக்கு வந்தவர், 1626இல் அவர்மீதே குற்றம் சாட்டினார் என்பது உண்மைதான். அதற்கு முந்தைய ஆண்டு, பக்கிங்ஹாம் திட்டமிட்ட, ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மீதான படையெடுப்பு தோற்று, சோறும் மருந்தும் இல்லாமல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத் தெருக்களில் சிப்பாய்கள் செத்ததை நேரில் பார்த்தவர் எலியட். அதைப் பார்த்த பிறகும் நன்றி பாராட்டச் சொல்கிறீர்களா?

‘கடைசியில் அவரும் மனு எழுதினாரே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதினார், ஐயா. நோய் முற்றியபோது, நல்ல காற்றுக்காக வெளியே விடுங்கள் என்று எழுதினார். பணிவு போதாது என்றார் மன்னர். மறுபடி எழுதியபோது, மன்னரின் மனம் வருந்தும்படி ஆனதற்கு வருந்தினார். குணமானதும் சிறைக்கே திரும்புகிறேன் என்றார். தவறு செய்தேன் என்று மட்டும் எழுதவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும். அந்த வேறுபாடு உங்களுக்குப் புரியாவிட்டால் என் அப்பாவையும் உங்களுக்குப் புரியாது.

1632 நவம்பர் 27 அன்று எலியட் லண்டன் கோபுரச் சிறையிலேயே இறந்தார். வயது 40. உடலையாவது சொந்த ஊரான கார்ன்வாலுக்குக் கொண்டுபோகிறேன் என்று மகன் கெஞ்சினான். இறந்த இடத்தின் தேவாலயத்திலேயே புதையுங்கள் என்று மன்னரிடமிருந்து பதில் வந்தது. அங்கேயே புதைத்தார்கள். அவர் மீதான தீர்ப்பு தவறு என்று பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது 1668இல்.

பிள்ளையிடம் தகப்பனின் உடலைக்கூடக் கொடுக்காத கதை இது. ஞாயிற்றுக்கிழமை இதற்குத்தான் சிரித்தீர்கள்.